நகரத்து ஒலியும் பல்கலைக்கழகப் பாடமும்

ஒலி என்பது பௌதிகவியலாரின் பொருள். இசை, இசைவாணரின் பொருள். வீதியும் சந்தையும் குடியிருப்பும் நகர அமைப்பாளரின் பொருள். பத்திரிகையும் வானொலியும் எவருடைய பொருள் என்பதில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பல்கலைக்கழகங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை. ஆனால் நாற்சந்தியில் நிற்கும் ஒருவனுடைய செவி இந்தப் பங்கீட்டை அறியாது. கோயில் மணியும் பேருந்தின் ஊதலும் தேநீர்க்கடை வானொலியும் மீன்காரன் கூவுதலும் ஒருங்கே அவன் காதில் விழுகின்றன. இவை அனைத்தையும் ஒன்றாக வைத்துக் கற்பிப்பதற்கு உரிமையுடையவர் யார்? எந்தத் துறையில், எந்தப் பட்டத்திற்கு, எவ்வகைப் பரீட்சை வைத்துக் கற்பிப்பது? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி கனடா தேசத்தில் ஒரு தலைமுறைக்குள் இருமுறை நடைபெற்றது: முதலில் கிழக்கே ரொறன்ரோ நகரில், பின்னர் மேற்குக் கரையில் வன்கூவர் நகரில். இரண்டினது போக்கும் வேறு, பயனும் வேறு.

ரொறன்ரோவில் வித்திட்டவர் இசைவாணரும் அல்லர், நகர அமைப்பாளரும் அல்லர், பொருளாதார வரலாற்றாசிரியர். ஹரல்ட் இன்னிஸ் என்னும் அப்பேராசிரியர் 1930ஆம் ஆண்டில் கனடாவின் மென்மயிர்த் தோல் வணிகத்தைப் பற்றியும், 1940ஆம் ஆண்டில் கொட் மீன்பிடித் தொழிலைப் பற்றியும் பெருநூல்கள் எழுதியவர். அடுத்து மரக்கூழையும் கடதாசியையும் ஆராயப் புகுந்தார். கடதாசி அவரைப் பத்திரிகைக்கு இட்டுச் சென்றது. பத்திரிகை, எழுத்தின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது. கல்லிலும் களிமண்ணிலும் எழுதிய அரசுகள் காலத்தை வென்றன என்றும், இலேசான தாளில் எழுதிய அரசுகள் தூரத்தை வென்றன என்றும் அவர் வாதித்தார். பேச்சு மரபுக்கு ஒரு நாகரிகத்தில் உரிய இடத்தை அவர் பெரிதும் மதித்தார். பேரரசுகளும் தொடர்பாடலும் பற்றிய அவரது நூல் 1950இல் வெளிவந்தது; 1952இல் அவர் காலமானார். மீனையும் மரத்தையும் பற்றி எழுதியவர் எதற்காக எகிப்தின் நாணற்றாளைப் பற்றி எழுதுகிறார் என வியந்தவர்கள் உண்டு. துறைகளின் வேலியை அவர் உடைக்க நினைத்தார் என்பதைவிட, எடுத்த பொருளைப் பின்தொடர்ந்து சென்றபோது வேலி எங்கிருந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

அடுத்த ஆண்டு, 1953இல், போர்ட் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பண்பாடும் தொடர்பாடலும் பற்றிய ஒரு கருத்தரங்கு தொடங்கிற்று. ஐந்து துறைகளிலிருந்து ஐவர் கூடினர். மார்ஷல் மக்லூகன் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். எட்மன்ட் காப்பென்ரர் மானிடவியலாளர். வடதுருவப் பகுதியில் இனுயிற் மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தவர். ரொம் ஈஸ்ரர்புறூக் பொருளியலாளர். கால்ற்றன் வில்லியம்ஸ் உளவியலாளர். ஐந்தாமவர் யாக்குலின் ரிறிற் என்னும் அம்மையார். நகர அமைப்புத் துறையைச் சேர்ந்தவர்.

இவ்வம்மையாரைப் பற்றி இந்நாட்டார் சற்று நின்று அறிதல் தகும். பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞரின் எழுத்துக்களைத் தேடித் தொகுத்து உலகுக்கு மீண்டும் அளித்தவர் அவரே. கெடிஸ் உயிரியல் கற்றவர். நகரத்தையும் உயிருள்ள பொருளாகவே பார்த்தவர். 1914ஆம் ஆண்டிறுதி தொடக்கம் இந்தியாவில் ஊர் ஊராக நடந்து திரிந்து, மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களைப் பற்றிச் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். 1921இல் கொழும்பு நகரத்துக்கும் ஒரு முன்னோடி அறிக்கை அளித்தார். வரைபடத்தை விரித்து நேர்கோடு போடுமுன் நகரத்தில் நடந்து பார், கேள், மக்களோடு பேசு என்பதே அவர் முறை. அவருடைய இந்திய அறிக்கைகளை ரிறிற் அம்மையார் தொகுத்து 1947இல் நூலாக்கினார். அந்த முறையை உள்ளத்திற் கொண்டவராகவே அவர் ரொறன்ரோ மேசையில் அமர்ந்தார் எனலாம்.

ஐந்து துறையினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் ஐந்து மொழிகள் பேசப்படும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. அவர்களை ஒன்றாக்கியது ஒரு சொற்றொடர். கட்புலனுக்குரிய வெளி ஒன்று இருப்பதுபோலச் செவிப்புலனுக்குரிய வெளியும் உண்டு என்று வில்லியம்ஸ் எடுத்துரைத்தார். கண் முன்னால் உள்ளதை மட்டுமே காண்கிறது. அதற்கு எல்லையும் உண்டு, திசையும் உண்டு. செவியோ நாற்புறத்திலிருந்தும் ஒருங்கே ஏற்கிறது. அதற்கு இமையும் இல்லை. மக்லூகன் இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, அச்சு நூல் மனிதனைக் கண்வழி வாழ்பவனாக்கியது, வானொலியும் தொலைக்காட்சியும் அவனை மறுபடியும் செவிவழி உலகுக்கு அழைக்கின்றன என்று விரித்தார். காப்பென்ரருக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. பனியும் வானும் ஒன்றாகி அடிவானமே தெரியாத வெளியில், காற்றின் ஒலியையும் மணத்தையும் கொண்டு வழி கண்டு செல்லும் மக்களை அவர் அறிந்திருந்தார். ரிறிற் அம்மையார் பத்தேபூர் சிக்ரியின் முற்றங்களை எடுத்துக்காட்டினார்: ஓரிடத்தில் நின்று பார்ப்பவனுக்காக அன்றி, நடந்து செல்பவனுக்காக அமைந்த நகரம் அது என்பது அவரது முடிபு. ஒரு சொல் இவ்வாறு பல துறைகளிலும் நடமாடியது.

சொல்லோடு நில்லாமல் ஒரு சோதனையும் நடத்தினர். 1954ஆம் ஆண்டில், நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களைத் தேர்ச்சி அடிப்படையில் நான்கு சம குழுக்களாகப் பிரித்து, கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கலையகத்துக்கு அழைத்துச் சென்றனர். ஒரே விரிவுரை, ஒரு குழுவினர் பேசுபவரை நேரிற் கண்டு கேட்டனர், ஒரு குழுவினர் தொலைக்காட்சித் திரையிற் கண்டனர், ஒரு குழுவினர் வானொலியில் மட்டும் கேட்டனர், எஞ்சியோர் எழுத்திற் படித்தனர். உடனேயே எல்லோருக்கும் ஒரே பரீட்சை. தொலைக்காட்சிக் குழு முதலிடம் பெற்றது. நூல் படித்தவர்கள் கடைசியில் நின்றனர். புத்தகமே கல்வி என நம்பியிருந்த பேராசிரியர்களுக்கு இது கசப்பான மருந்து. பின்னர் ஒவ்வொரு ஊடகத்துக்கும் அதனதன் இயல்புக்கேற்ப விரிவுரையை மாற்றி அமைத்துச் சோதனையைத் திரும்பவும் செய்தபோது, எவரும் எதிர்பாராத வகையில் வானொலி தொலைக்காட்சியையும் விஞ்சி நின்றது. வானொலி நேயர்கள் இதனைக் கேட்டு மகிழலாம்; ஆயினும் ஓரிரு விரிவுரைகளையும் ஓரிரு நூறு மாணவர்களையும் கொண்டு பொதுவிதி வகுப்பது சரியன்று. அச்சோதனையின் மதிப்பு அதன் புள்ளிகளில் இல்லை. இலக்கியப் பேராசிரியரும் உளவியலாளரும் மானிடவியலாளரும் ஒரே பொருளைக் கையில் எடுத்து, ஒரே நாளில், ஒரே கூரையின்கீழ் வேலை செய்தார்கள் என்பதிலேயே இருக்கிறது.

1955இல் நிதி முடிந்தது, கருத்தரங்கும் முடிந்தது. ரிறிற் அம்மையார் ஹாவட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். காப்பென்ரரை ஆசிரியராகக் கொண்ட ‘எக்ஸ்புளோறேசன்ஸ்’ என்னும் சஞ்சிகை 1959 வரை வெளிவந்தது. மக்லூகனுக்கென 1963இல் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. அவர் நோயுற்றுப் பேச்சிழந்த பின்னர், 1980இல், பல்கலைக்கழகம் அதனை மூடிவிட்டது. அவ்வாண்டின் இறுதி நாளில் அவர் மறைந்தார். இம்முயற்சியில் ஒரு குறை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செவியைப் பற்றி அவர்கள் மிகுதியாகப் பேசினார்கள். ஆனால் வீதியில் இறங்கி நின்று கேட்டது குறைவு. மாணவர் தம்மைச் சுற்றியுள்ள நகரை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று ரிறிற்றும் வில்லியம்ஸும் நடத்திய ஆய்வும் பெரும்பாலும் கண்ணைப் பற்றியதாகவே அமைந்தது.

வீதியில் இறங்கிக் கேட்டவர்கள் வன்கூவரில் தோன்றினர். அந்நகரை அடுத்த பேணபி மலையுச்சியில் 1965ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் சைமன் பிறேசர் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. பழைய பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு துறைக்கும் நூறாண்டுச் சொத்துரிமை உண்டு. இங்கோ சீமெந்து காயாத நிலையில் துறைகளும் காயாதிருந்தன. தொடர்பாடலுக்கும் கலைகளுக்குமான ஒரு நிலையம் அங்கு அமைந்தது. அதற்கு வந்து சேர்ந்தவர் மறே சேபர் என்னும் இளம் இசையமைப்பாளர். 1933இல் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் முடிக்காதவர். பட்டம் பெறாத ஒருவரைப் பேராசிரியர் வரிசையில் அமர்த்தும் துணிவு புதிய இடத்துக்கே வாய்க்கும்.

முதலில் அவர் இரைச்சல் மாசு பற்றிய ஒரு பாடத்தைத் தொடங்கினார். வானூர்தி, சுமையூர்தி, கட்டட வேலை, இவற்றின் தீங்குகளைக் கூறிச் சென்றார். அப்பாடம் அவர் நினைத்தபடி அமையவில்லை. ஒன்றைத் தீது தீது என்று கூறிக்கொண்டிருந்தால் மாணவன் தலையசைப்பான். வெளியே சென்றதும் மறப்பான். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த உண்மை இது. ஆகவே அவர் பாடத்தைத் திருப்பி அமைத்தார். எவ்வொலி வேண்டாதது என்பதை விட்டு, எவ்வெவ்வொலிகள் உள்ளன, அவற்றுள் எவற்றைக் காக்க வேண்டும், எவற்றை வளர்க்க வேண்டும் என்னும் வினாக்களை எழுப்பினார். நிலத்தோற்றம் என்பதுபோல ஓரிடத்தின் ஒலிகள் அனைத்தும் சேர்ந்து ஒரு தோற்றம் தருகின்றன எனக் கொண்டு, அதற்கு ஒரு புதுச்சொல்லும் வழங்கினார். தமிழில் அதனை ஒலிச்சூழல் எனலாம்.

‘செவித் துப்புரவு’ என்னும் பெயரில் 1967இல் அவர் வெளியிட்ட சிறுநூல், முதலாண்டு மாணவருக்கு நடத்திய பயிற்சிகளின் குறிப்பேடு. ஒரு தாளை வகுப்பிலுள்ள எல்லோர் கையிலும் ஓசையெழாமல் கடத்த வேண்டும். ஒரு நாள் முழுவதும் பேசாதிருக்க வேண்டும். இவை விளையாட்டுப்போலத் தோன்றும். செய்து பார்த்தவர்க்கே அதன் கடினம் விளங்கும். இன்னொரு பயிற்சி வியப்பானது. மாணவர்களை அமைதியாக இருத்தி, மனத்தில் இயல்பாக எழும் சுரத்தை மெல்ல முரலச் சொன்னார். வட அமெரிக்காவில் அவர்கள் பெரும்பாலும் ஒரு குறித்த சுரத்தையே முரன்றனர். அது அங்கு செக்கனுக்கு 60 சுற்று ஓடும் மின்னோட்டத்தின் ரீங்காரத்துக்கு அண்மையானது. 50 சுற்று மின்சாரம் வழங்கும் ஐரோப்பாவில் அவர் கேட்டபோது சுரம் அதற்கேற்பத் தாழ்ந்திருந்தது. விளக்கும் விசிறியும் இரவு பகலாய் முரலும் சுரத்தை நகரத்தார் தம்மையறியாமல் சுருதியாகக் கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. இலங்கையின் மின்சாரமும் 50 சுற்றே.

1970களின் தொடக்கத்தில் டொனர் கனேடிய அறக்கட்டளையின் உதவி கிடைக்கவே, இப்பாடம் ‘உலக ஒலிச்சூழல் திட்டம்’ என்னும் ஆராய்ச்சிக் குழுவாக வளர்ந்தது. பீற்றர் ஹியூஸ், புறூஸ் டேவிஸ், ஹவட் புறூம்பீல்ட், ஹில்டகாட் வெஸ்ரர்காம்ப், பாரி ட்ரூவக்ஸ் முதலியோர் அதில் உழைத்த இளைஞர்கள். 1972இல் கனடாவின் நகரசபைகள் இரைச்சலைத் தடுக்க இயற்றிய துணைவிதிகளைத் திரட்டி ஆராய்ந்தனர். இசைவாணர் ஒருவரின் மாணாக்கர் நகரசபைச் சட்டங்களைப் புரட்டினர் என்பது சிறிய செய்தியன்று. ஒரு நகரம் எதனை இரைச்சல் என்று தண்டிக்கிறதோ அதிலிருந்தே அது எவரை அயலாராகக் கருதுகிறது என்பதும் தெரிய வரும்.

1973இல் வெளிவந்த ‘வன்கூவர் ஒலிச்சூழல்’ இரண்டு இசைத்தட்டுகளும் ஒரு நூலும் கொண்டது. நகரத்தின் ஒலிகளை அவர்கள் மூன்றாகப் பகுத்தனர். பின்னணியில் ஓயாது நிற்பது சுருதி ஒலி. வன்கூவருக்கு அது கடலும் மழையும் வாகனப் போக்குவரத்தும். ஊதல், மணி, சங்கு முதலாக மனிதரை விளிப்பது அறிவிப்பொலி. அவ்வூருக்கே உரியதாய், கேட்டமாத்திரத்தில் ஊரார் தம்மூர் என உணர்வது அடையாள ஒலி. இத்தகைய அடையாள ஒலிகளுள் ஒன்று ஸ்ரான்லிப் பூங்காவில் இரவு ஒன்பது மணிக்கு வெடிக்கும் பீரங்கி. 1816இல் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டது அது. மற்றொன்று 1967ஆம் ஆண்டு கனடாவின் நூற்றாண்டு நிறைவையொட்டி அமைத்த ஊதல். நண்பகலில் நாட்டுக் கீதத்தின் முதல் நான்கு சுரங்களை ஊதுவது. மூன்றாவது அற்கின்சன் முனை வெளிச்சவீட்டின் மூடுபனிச் சங்கு. 1912 முதல் அறுபது ஆண்டுகளாகக் கப்பல்களுக்கு வழி சொன்ன அந்தக் கனத்த குரலை, கரையில் வாழ்ந்தோர் படுக்கையிலிருந்தபடியே கேட்டு வானிலையை அறிந்தனர்.

இப்பணியில் இசையறிவு மட்டும் போதவில்லை. பூங்காவைச் சுற்றி நடந்து ஒலியளவைக் குறித்து, மலைகளின் சமவுயரக் கோடுகளைப்போல ஒலியின் சமவளவுக் கோடுகள் வரைந்தனர், அது புவியியல். முதுகுடியேறிகளின் நினைவுகளையும் பழைய நூல்களில் வரும் செய்திகளையும் செவிச் சாட்சியமாகத் திரட்டினர், அது வரலாறு. மதுரைக்காஞ்சியில் யாமந்தோறும் மாறும் நகரத்து ஓசைகளைப் படித்தவர்க்கு இவ்வகைச் சாட்சியத்தின் அருமை தெரியும். தீயணைப்பு வண்டிகளின் சங்கை அளந்தனர், அது பௌதிகம். 1912ஆம் ஆண்டு வண்டியின் சங்கு அண்மையில் நின்று அளக்க 96 தெசிபெல்லை மிகாதிருந்தது. 1974ஆம் ஆண்டு வண்டியில் அது 114 தெசிபெல் ஆயிற்று. நகரின் பொது இரைச்சல் உயர உயர, அதனை மீறிக் கேட்க வேண்டிய சங்கும் குரலை உயர்த்துகிறது. உயர்ந்த சங்கு தானும் இரைச்சலோடு சேர்கிறது. கோபுர மணியின் கதை இதற்கு மறுதலை: உயர்ந்த கட்டடங்கள் எழ எழ அதன் குரல் எட்டும் எல்லை சுருங்கிற்று.

1973இல் ஹியூஸும் டேவிஸும் ஒலிப்பதிவுக் கருவியோடு கனடாவைக் குறுக்காகக் கடந்து ஒலி திரட்டினர். அதன் பயனாக 1974இல் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு மணி நேர நிகழ்ச்சிகள் பத்தினை ஒலிபரப்பியது. அவற்றுள் ஒன்றில் ஒரு குளக்கரையின் கோடைகால நாள் முழுவதும் ஒவ்வொரு மணியிலிருந்தும் இரண்டு நிமிடமாக ஒலித்தது. தவளையும் பறவையும் தவிரப் பேச்சு சொற்பம். இன்னொன்றில் ஊருக்கு ஊர் வழி கேட்டு, மக்கள் வழி சொல்லும் குரல்களை மட்டும் தொடுத்தனர். நாட்டின் பேச்சு வழக்குகள் கரையிலிருந்து கரைவரை ஓடின. வகுப்பறையில் தோன்றிய ஒரு பாடம் வானொலி வழியே நாடு முழுவதையும் வகுப்பறையாக்கிற்று.

இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. ஒலியை அது பிறந்த இடத்திலிருந்து பிரித்து ஒலிபெருக்கியில் வேறிடத்தில் எழுப்புவதைச் சேபர் விரும்பவில்லை. அதனை ஒரு நோய் என்னும் பொருள்படப் ‘பிளவொலி’ எனத்தக்க பெயர் சூட்டினார். எனினும் அவருடைய குழுவின் பணி முழுவதும் நாடாவிலும் இசைத்தட்டிலும் வானொலியிலுமே வாழ்ந்தது. அன்றியும் அவருடைய உள்ளம் கிராமத்தை நாடியது. ஒவ்வோர் ஒலியும் தெளிவாகக் கேட்கும் இடம் உயர்ந்தது, ஒலிகள் ஒன்றையொன்று மூடும் நகரம் தாழ்ந்தது என்னும் எண்ணம் அவர் எழுத்தெங்கும் ஓடுகிறது. 1975இல் குழுவினர் ஐரோப்பாவுக்குச் சென்று விரிவாக ஆராய்ந்தவையும் சுவீடன், ஜேர்மனி, இத்தாலி, பிரான்சு, ஸ்கொத்லாந்து நாடுகளின் ஐந்து சிற்றூர்களே. நகரத்தைக் கற்பிக்க வந்தவர் நகரத்தின் மேல் இவ்வளவு மனத்தாங்கல் கொண்டிருந்தமை அப்பாடத்தின் பெருங்குறை. சந்தை இரைச்சலில் பிழைப்பு நடத்துபவனுக்கு அது இரைச்சல் அன்று.

அதே 1975இல் சேபர் பல்கலைக்கழகத்தை விட்டு ஒன்ராறியோவில் ஒரு பண்ணைக்குக் குடிபோனார். இரண்டாண்டின் பின் தம் பெருநூலை வெளியிட்டார், 2021இல் காலமானார். தலைவர் போனபின் ரொறன்ரோவில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கலாம். நேராமற் காத்தவர் ட்ரூவக்ஸ். அவர் முதலிற் கற்றது பௌதிகமும் கணிதமும், பின்னர் இசை, பின்னர் நெதர்லாந்தின் உற்றெக்ற் நகரில் மின்னணு இசை. துறைகள் பல ஒரு குழுவுக்குள் கூடுவது எளிது. ஒரு மனிதருக்குள் கூடுவது அரிது. தொடர்பாடல் துறையில் அவர் ஒலிவழித் தொடர்பாடலை ஆண்டுதோறும் நடத்தக்க ஒழுங்கான பாடநெறியாக்கினார். 1978இல் அதற்கொரு கலைச்சொற் கைந்நூலும், 1984இல் பாடநூலும் எழுதினார். பாடநூலின் முற்பகுதி ஒலி, கேட்டல், மனிதக் குரல், ஊரின் ஒலி எனச் செல்லும். பிற்பகுதி ஒலிபெருக்கியும் வானொலியும் வணிகமும் கேட்பவனை எவ்வாறு மாற்றின எனச் செல்லும். சேபர் நோய் என ஒதுக்கியதை இவர் பாடத்தின் சரிபாதியாக்கினார். தனிமனிதரின் ஆர்வம் ஒரு பாடநெறியாக மாறியது அவ்விடத்தில்தான்.

வெஸ்ரர்காம்ப் அம்மையார் நகரத்தின் பக்கமே நின்றார். 1970களின் பிற்பகுதியில் வன்கூவர்க் கூட்டுறவு வானொலியில் ‘ஒலி நடை’ என்னும் நிகழ்ச்சியை நடத்தினார். ஒலிவாங்கியோடு நகரின் ஓரிடத்தில் நடந்து, கேட்பதைக் கேட்டபடி ஒலிபரப்பினார். இடையிடையே தாழ்ந்த குரலில் தாம் நிற்குமிடத்தையும் கூறினார். பிரான்சில் கிறநோபிள் நகரக் கட்டடக்கலைப் பாடசாலையில் 1979இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையமோ நகரத்தை இன்னும் நேராகவே எதிர்கொண்டது. அதன் நிறுவுநர் சான் பிரான்சுவா ஒகுவாயார், அந்நகரின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மக்கள் அன்றாடம் நடக்கும் வழிகளை ஆராய்ந்தவர். எதிரொலி, மறைப்பு, சுவரூடாகக் கேட்கும் அயலவர் பேச்சு என நகர ஒலியின் விளைவுகளை நல்லது தீயது எனப் பிரிக்காமல் பெயரிட்டு வரிசைப்படுத்தி, அவருடைய குழுவினர் 1995இல் ஓர் அகராதி வெளியிட்டனர். கட்டடம் கட்டப் போகிறவர்களுக்கே அது பாடமாயிற்று என்பதால் அதன் பயன் வேறொரு வகையிற் பெரிது.

1996ஆம் ஆண்டில் வன்கூவரின் ஒலிகளை மீண்டும் பதிவு செய்தனர். பழைய நாடாக்களும் புதிய பதிவுகளும் அருகருகே வைத்துக் கேட்கப்பட்டன. ஒன்பது மணிப் பீரங்கி முன்போலவே வெடித்தது. நண்பகல் ஊதல் இருந்தது. ஆனால் 1994இல் துறைமுகக் கரைக்கு இடம் மாறியிருந்தது. அற்கின்சன் முனையின் மூடுபனிச் சங்கு 1974இல், இசைத்தட்டு வெளிவந்த மறு ஆண்டிலேயே, நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பின்னர்ப் பிறந்த மாணவர்கள் அதனைக் கரையில் நின்று கேட்டதில்லை. வகுப்பறையில், நாடாவிலிருந்து கேட்கிறார்கள்.